ஆல்ட் எஸ், கீழே ஒன்று, என்டர்

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டர் சென்டர்தான். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கீழே பாத்திரக் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாம் மாடியில் நாங்கள். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே போனால் நான்கு கம்ப்யூட்டர், நான்குக்கும் சந்தனம் குங்குமம், ஒரு ஏசி, ஒரு டைரக்டர். டைரக்டர் என்று அவரே போர்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். வாத்தியாரும் அவர்தான், வாசலில் கையெழுத்து வாங்குகிறவரும் அவர்தான். பெரிய இவர் மாதிரி கழுத்தில் டை வேறு. ஒரே விரலால் டைப் அடிக்கிற மனிதருக்கு எதற்கு அந்த ஜம்பம் என்று அப்போதே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் மொழி கற்றுத் தருவதாக விளம்பரம். முதல் ஒன்றரை மாதம் அவர் கற்றுத் தந்தது மெனு. புரோகிராம் எழுதுவதற்கென்று ஓர் எடிட்டர் உண்டல்லவா, அதன் தலையில் வரிசையாக ஃபைல், எடிட், சர்ச், ரன், கம்பைல் என்று போட்டிருக்கும் அல்லவா, அதைத்தான். எந்த மெனுவுக்குள் எத்தனை கட்டளை, எது எதற்குக் கீழே வரும், எல்லாவற்றையும் பிராக்டிகல் நோட்டில் எழுத வேண்டும். பள்ளிக்கூட வேதியியல் நோட்டு எழுதுவது போலவே எழுத வேண்டும். நோக்கம்: ஃபைலைத் திறத்தல். தேவையான பொருள்கள்: கம்ப்யூட்டர் ஒன்று, ஃப்ளாப்பி ஒன்று. செய்முறை: இன்ன மெனு, கீழே இத்தனை, என்டர். முடிவு: ஃபைல் வெற்றிகரமாகத் திறக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் மெனுவின் படத்தைப் பென்சிலால், ஸ்கேல் வைத்து வரைய வேண்டும். கோடு கோணலாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டார். பி.எஸ்ஸி. கணிதம் முதல் வகுப்பில் தேறிவிட்டு நான் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மவுஸ் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். அதன் வயிற்றில் இருக்கும் ரப்பர் உருண்டையை யாரோ கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நான்கு மவுஸையும் டைரக்டர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆக, எல்லாம் கீபோர்டில்தான். மெனுவைத் திறக்க ஆல்ட்டும் ஓர் எழுத்தும், பிறகு கீழ் அம்புக்குறியை எண்ணி எண்ணி அழுத்த வேண்டும். ஏன் எண்ண வேண்டும், திரையைப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. எங்கேயோ ஏலத்தில் எடுத்த பழைய மானிட்டர்கள். கறுப்பில் பச்சை. எந்தக் கட்டளையின்மேல் நிற்கிறோம் என்பதைக் காட்டும் பட்டை அதில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே அங்கே படித்த ஒருவரும் மெனுவில் எங்கே நிற்கிறோம் என்று கண்ணால் பார்த்ததில்லை. கோயிலில் பிரதட்சிணம் பண்ணுகிறவர்கள் மாதிரி எண்ணிக்கையில்தான் குறி.

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருத்தர் கை, ஒருத்தர் வாய். கை என்றால் கீபோர்டில் உட்காருகிறவர். வாய் என்றால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நோட்டைப் பார்த்துச் செய்முறையைச் சொல்கிறவர். பாதி நேரம் ஆனதும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதி சுவரில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

என்னுடைய ஜோடி பாண்டி பஜார் ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலை பார்த்த பெண். என் வயதுதான். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வீடு, தபாலில் பி.காம். கடையிலிருந்து நேராக மாலை வகுப்புக்கு ஓடி வருவாள், விரல் நுனியெல்லாம் ஜெராக்ஸ் மை. அந்த விரலைப் பார்த்ததுமே நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

"நான் டைப் பண்றேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன். நீ படிச்சு சொல்லு" என்றேன்.

"சர்ப்பா. பாதி டைம்க்கு அப்பால நான் அடிக்கிறேன்."

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஆறு மாதம் ஓடியது. அவளும் முதல் வாரம் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "இதோ, இதை முடிச்சுடறேன்" என்பேன். மணி ஏழாகிவிடும், அடுத்த பேட்ச்காரர்கள் கதவில் நிற்பார்கள். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். டைரக்டருக்கும் தெரியும். மயிலாப்பூர் பெண், அப்பா கல்லூரிப் பேராசிரியர் என்றால் அவர் கண்ணுக்கு விதி கிதி எதுவும் தெரியாது.

ஆக, நான் கை, அவள் வாய். "ஆல்ட் எஸ். கீய ஒண்ணு. என்டர்" என்பாள். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடுகிற கட்டளை அது. "ஆல்ட் எஸ். கீய மூணு. என்டர்" என்றால் இத்தனையாவது வரிக்குப் போ என்று அர்த்தம். முதல் மாதம் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாம் மாதம் நோட்டு மூடியே கிடந்தது. எல்லா மெனுவும் மனப்பாடம். சஷ்டி கவசம் சொல்கிற வேகத்தில் வரும். அதை நான் வீட்டில் சாப்பிடும்போது நடித்துக் காட்டுவேன். "கீய ரெண்டு, கீய மூணு" என்று மூக்கைச் சுளித்துச் சொன்னால் என் அண்ணாவுக்குப் புரையேறும். "சும்மா இருடி, கேக்க நன்னாயில்லை" என்பாள் அம்மா, சிரித்துக்கொண்டே. மண்ணாங்கட்டி, மனப்பாடம் பண்ணினால் புரோகிராமர் ஆகிவிட முடியுமா என்று எனக்கு ஏளனம். நான் மூளை, அவள் கிளிப்பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த மூளை ஒரு கட்டளையைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லையே. பக்கத்தில்தான் வாய் இருந்ததே.

நான்காவது மாதத்தில் ஒரு நாள், ரிப்பேருக்குப் போக வேண்டிய கீபோர்டு ஒன்றை ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடச் சொல்லி டைரக்டர் அவளிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் அவள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தாள். இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டி, அதில் முழுக் கீபோர்டும் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.

"இன்னா பாக்குற? மிஷின் மேல அப்டியே கவுத்து எடுத்துட்டேன். கடைல ஆளில்லாதப்ப இதுல அடிச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

அவள் அதில் அடிப்பதையும் பார்த்தேன். தாள் கீபோர்டில் திரை கிடையாதே, என்ன நடந்தது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? வாயால் சொல்லிக்கொண்டே அடித்தாள். "ஆல்ட் எஸ்" என்று முணுமுணுத்தால் இரண்டு விரல் போகும். "கீய ஒண்ணு" என்றால் ஒரு விரல் போகும்.

"வாயை மூடிண்டு அடிக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"வாய் சொன்னாத்தான்பா வெரல் நகுருது. மூடிக்கினா நின்னுருது. இன்னா பண்றது, அப்டியே பழகிப் பூட்சி."

நான் சிரித்தேன். நன்றாக ஞாபகமிருக்கிறது, அவள் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகமிருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

படிப்பு முடிகிற சமயத்தில் அடையாறிலிருந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி பரீட்சைக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டது. எங்கள் பேட்சிலிருந்து டைரக்டர் அனுப்பியது எங்கள் இருவரைத்தான். என்னை அனுப்பியதற்குக் காரணம் அப்பா. அவளை அனுப்பியதற்குக் காரணம் அவளுடைய நோட்டு. அதைவிட நேரான பென்சில் கோடு அந்தச் சென்டரின் சரித்திரத்திலேயே கிடையாதாம்.

பஸ்ஸில் போகும்போது அவள் சொன்னாள். "கடைய மூடப் போறாரு ஓனரு. இதுல வர்லன்னா எக்ஸ்போர்ட் கம்பெனில சட்டைக்குக் காஜா எடுக்கத்தான் போவணும். எங்க அண்ணி ஏற்கெனவே அங்கதான் கீது. பேர் குட்த்து வச்சிட்டாங்க. கம்ப்யூட்டரு கிம்ப்யூட்டரு எல்லாம் இத்தோட போதும்னு அண்ணன் கண்டிசனா சொல்லிட்டான்."

"கிடைக்கும், கவலைப்படாதே" என்றேன். யார் யாருக்குச் சொல்வது! எனக்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது. வேலை கிடைக்காவிட்டால் எம்.எஸ்ஸி. சேர்வேன், அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன்.

அடையாறில் ஒரு பங்களாவின் மாடி. பத்துப் பேருக்குப் பத்துக் கம்ப்யூட்டர். ஆளுக்கு ஒன்று! மானிட்டர் எல்லாம் கலர். எடிட்டரைத் திறந்தால் திரை முழுக்க நீலம், தலையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. அது அப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு நிஜக் கீபோர்டு அவள் முன்னால் இருந்தது. அவள் இரண்டு கையையும் பாவாடைத் துணியில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பரீட்சை ஒன்றும் பிரமாதமில்லை. பிழைகளோடு ஒரு நீளமான புரோகிராம். கேள்வித்தாளில் ஏழு வேலைகள். ஒரு பெயரை எல்லா இடத்திலும் இன்னொரு பெயராக மாற்று, இன்ன வரிக்குப் போ, அங்கிருந்து பத்து வரியை வெட்டி வேறிடத்தில் ஒட்டு, இப்படி. கடைசியில் கம்பைல் செய்து, பிழை இல்லை என்று வந்தால் கையைத் தூக்க வேண்டும். அரை மணி நேரம்.

முதல் வேலையிலேயே நான் நின்றுவிட்டேன். பெயரை மாற்ற வேண்டும், சரி, எந்த மெனு? மாற்றுவது திருத்துவதுதானே என்று எடிட் மெனுவைத் திறந்தேன். அதில் இல்லை. அந்த நீலமும் வெள்ளையும் கண்ணைப் பறித்தது. வேறொன்றைத் திறந்தேன், ஏதோ ஒரு பெரிய பெட்டி வந்து திரையை அடைத்துக்கொண்டது. அதை மூடத் தெரியவில்லை. எதையோ அழுத்த இன்னொரு பெட்டி வந்தது. நிதானமாக ஒவ்வொரு மெனுவாகப் படித்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் கிடைத்திருக்கும். முதல் வகுப்பு, கோல்டு மெடலுக்கு ஒரு மார்க்கில் தவறியவள், பெட்டிமேல் பெட்டியாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடச்சீ, என்ன கேவலம்!

அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து கேட்டது. மெல்ல, மூச்சுக் காற்று அளவுக்கு. "ஆல்ட் எஸ். கீய ஒண்ணு. என்டர்."

என் விரல்கள் தாமாகப் போயின. எப்படியோ அந்தப் பெட்டிகளையெல்லாம் மூடிவிட்டு அவள் சொன்னதை அடித்தேன். பெயர் மாறியது. அடுத்து "கீய மூணு" என்றாள், நான் வரிக்குப் போனேன். அவள் எனக்காகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுடைய விரல் நகர்வதற்காக அவளுடைய வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கினேன். ஏழு வேலையில் ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதையும் அவள் சொல்லி அடித்துவிட்டாள், நான் அடிக்க வேண்டியதுதான் பாக்கி; எங்கள் இருவர் திரையிலும் ஒரே வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"யார் அங்க பேசறது?"

மேற்பார்வைக்கு நின்றவர் எங்கள் பின்னால் வந்துவிட்டார். அவள் திரையைப் பார்த்தார். என் திரையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் என்ன தோன்றும்?

"ரெண்டு பேரும் ஒரே சென்டரா? ஒருத்தர் சொல்ல ஒருத்தர் செய்யறீங்களா?" என்றவர் என் பக்கம் குனிந்து, "இவங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா, மேடம்?" என்று கேட்டார்.

என்னை மேடம் என்றார், கவனியுங்கள். அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'சார், வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குக் கை ஓடும், அவள் பழக்கம் அது' என்று சொன்னால் முடிந்தது. அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. வேண்டுமானால் அவளைத் தனி அறையில் உட்கார வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும், அப்படியானால் நீ எப்படிச் செய்தாய் என்று. அது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. மெனு ஞாபகம் வராத மூளைக்கு அது மட்டும் சட்டென்று உறைத்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவ பாட்டுக்கு எதையோ சொல்லிண்டே இருக்கா. எனக்கு இடைஞ்சலாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இந்தக் கதையை எப்போதோ மறந்திருப்பேன். பஸ்ஸில் தெரியாமல் காலை மிதித்துவிட்டவளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்த ஆளுக்கு என் பதிலில் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. "ரெண்டு பேரும் எழுந்திருங்க" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல சார்" என்றாள் அவள். "நான்தான் சொன்னேன். அவங்க கேக்கல. அவங்கள உட்ருங்க."

ஆறு மாதமாக என்னை 'நீ' என்று சொன்னவள் அன்றைக்கு 'அவங்க' என்றாள்.

எழுந்தாள். தாள் கீபோர்டு மடித்து வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய புரோகிராமில் கம்பைல் மட்டும்தான் பாக்கி, ஒரே ஒரு கட்டளை. அவர் கையை நீட்டி அவளுடைய கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்து ஏழாவதையும் முடித்து, கம்பைல் செய்து, கையைத் தூக்கினேன். வெட்கங்கெட்ட கை, நன்றாக உயரத்தான் தூக்கிற்று.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. பத்து நாளில் கடிதம் வந்தது, வீட்டில் பால் பாயசம் வைத்தார்கள், டைரக்டர் என் புகைப்படத்தை வாசலில் ஒட்டினார். சேர்ந்த முதல் வாரமே அந்தக் கம்பெனியில் ஒருவரும் மெனுவைத் திறப்பதேயில்லை என்று தெரிந்தது. எல்லோரும் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்திக் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். மெனுவைத் திறக்கிறவளைப் பார்த்தால் அவர்களுக்கே இளக்காரம். எந்த எழவுக்கு அப்படியொரு பரீட்சை வைத்தார்களோ! அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று டைரக்டர் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். எந்தக் கம்பெனி என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தப் பரீட்சை நாளுக்குப் பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை.

கடைசியாகப் பார்த்தது பரீட்சை அன்றைக்குத்தான். முடிந்து, விண்ணப்பமெல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தால், பங்களா கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். அவளை வெளியே அனுப்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தி.நகர் பஸ் இரண்டு மூன்று போயிருக்கும். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்கு என்ன சொல்வது என்று படியிறங்கும்போதே நியாயங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன், அதுதான் என் லட்சணம்.

"முட்சிட்டியா?" என்றாள்.

"ம்."

"கம்பைல் பண்ணியா? எர்ரர் எத்தினி வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை."

"ஒண்ணுகூட வர்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "அப்போ நான் சொன்னது அத்தினியும் கரீட்டு" என்றாள்.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.